தொட்டியில் தானாக வந்த செடிக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

ஐப்பசியில் நாலு நல்ல மழை பெய்து ஓய்ந்தால் போதும், புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் தொட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரே கேள்வி வந்துவிடும்: "இதை நான் வைக்கவே இல்லையே, எப்படி வந்தது?" கத்தரி போட்ட தொட்டியில் கத்தரி நோஞ்சானாக நிற்கும், பக்கத்திலேயே பெயர் தெரியாத ஒன்று தளதளவென்று வளர்ந்திருக்கும். இன்னொரு வகை ஆட்களும் இருக்கிறார்கள். "புது வெரைட்டி மேடம், நல்லா பூக்கும்" என்று நர்சரியில் சொன்னதை நம்பி வாங்கிவந்து மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது என்ன செடி என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட செடிகளுக்குப் பெயர் சொல்வதில் நம்மைப் போலவே தோட்டம் வைத்திருப்பவர்கள் செய்கிற உதவி பெரிது. ஆனால் மங்கலான ஒரு படத்தை நீட்டி "இது என்ன செடி?" என்று மட்டும் கேட்டால் ஆளுக்கொரு பெயர்தான் கிடைக்கும். கேட்பதற்கு முன்னால் நாம் எதையெல்லாம் பார்த்து வைத்தோம், எப்படிக் கேட்டோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். புதிதாகத் தோட்டம் ஆரம்பித்தவர்களை நினைத்து எழுதுகிறேன், பழைய ஆட்கள் தெரிந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

முதலில்: பிடுங்க வேண்டாம், வாயில் வைக்கவும் வேண்டாம்

பிடுங்கிவிட்டால் பூவும் காயும் பார்க்க வழியில்லை, அவ்வளவுதான். முக்கியமான செடிக்கு இடைஞ்சலாக இருந்தால் வேரோடு மண் சேர்த்து எடுத்து ஒரு பழைய தொட்டிக்கோ குரோ பேக்குக்கோ மாற்றிவிடுங்கள். பெயர் தெரிகிறவரை தரையில் வைக்காமல் தொட்டியில் வைப்பது நல்லது, ஏனென்றால் சில கொடிகளும் கிழங்கு வகைகளும் ஒருமுறை தரையில் இறங்கிவிட்டால் அப்புறம் அதை ஒழிப்பதே நம் தோட்ட வேலையாகிவிடும். கொடிரோஜாவை ஆசைப்பட்டு வேலியில் விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வாயில் வைக்காதீர்கள் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் ஒரு செடியைப் பார்த்ததும் வருகிற முதல் கேள்வி "இதைச் சாப்பிடலாமா?", இரண்டாவது கேள்வி "இது எந்த நோய்க்கு நல்லது?". கடலோர மணல்வேலிகளில் மழைக்கு முளைக்கிற செங்காந்தளின் கிழங்கு, தெரியாதவர் கண்ணுக்குச் சாதாரணக் கிழங்கு மாதிரிதான் இருக்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் அது, அழகில் குறை சொல்ல முடியாது, ஆனால் அதன் கிழங்கிலும் விதையிலும் இருக்கிற கொல்கிசின் என்கிற நஞ்சு ஆளைக் கொல்லக்கூடியது. இலை நுனி ஒரு கம்பிச் சுருள் மாதிரி சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டிருந்தால் பூ வருவதற்கு முன்பே அதை அடையாளம் கண்டுவிடலாம்.

இப்போது எல்லா மாடித்தோட்டத்திலும் கட்டிங் கட்டிங்காகக் கை மாறிக்கொண்டிருக்கிற சாயா என்கிற மாயன் கீரையும் அப்படித்தான். நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும், பச்சையாகச் சாப்பிட்டால் அதிலிருந்து சயனைடு வரும். அதன் இலையும் மரவள்ளி இலையும் காட்டாமணக்கு இலையும் புதிதாகப் பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியலாம், கிள்ளினால் மூன்றிலும் பால் வடியும். காட்டாமணக்கைக் கீரை என்று நினைத்துக் கடைந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பால் வடிகிற எந்தச் செடியையும் தொட்ட கையோடு கண்ணைக் கசக்கக் கூடாது. எருக்கும் திருகுகள்ளியும் நமக்குத் தெரிந்த உதாரணங்கள். சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த தில்லை மரம் பிச்சாவரம் சதுப்புக்காட்டில் இன்றும் நிறைய நிற்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும் அபாயம் உண்டு. படகில் போகும்போது கிளையை ஒடித்து விளையாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

குழந்தையோ ஆடு மாடோ தெரியாத செடியைத் தின்றுவிட்டால் பெயர் கண்டுபிடிக்கிற வேலையெல்லாம் அப்புறம். குழந்தையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும்.

எங்கிருந்து வந்திருக்கும்?

இதைக் கேட்காமலேயே பலர் செடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். வந்த வழி தெரிந்தால் சந்தேகப் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

மதில் ஓரத்திலோ கம்பிக்குக் கீழேயோ முளைத்திருந்தால் பெரும்பாலும் பறவை போட்டது: ஆல், அரசு, வேம்பு, கோவை, தேன்பழம் என்று பழம் தின்னும் பறவைகளுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று. வாதாங்கொட்டை என்றால் வௌவால் கொண்டுவந்து போட்டிருக்கும். வீடு கட்டும்போது இறக்கிய செம்மண் லோடில் வந்ததா? அப்படியானால் செம்மண் மேட்டுக்காட்டுச் செடியாக இருக்க வாய்ப்பு அதிகம். வாங்கிய தொழு உரத்தில் வந்ததா? அப்படியானால் மாடு மேய்ந்த இடத்துக் களைகளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சமையலறைக் கழிவைப் போட்டு நீங்களே செய்த உரமா? அதில் பப்பாளி, பரங்கி, தக்காளி, சில சமயம் சீத்தா கூட முளைக்கும், இவற்றின் முளையிலை நிஜ இலையைப் போல இருக்காது என்பதால் ஆரம்பத்தில் நன்றாகவே ஏமாற்றும்.

பெரிய மரம் ஒன்று விழுந்த இடத்தில் புதுச்செடிகள் வந்தால் அதற்கும் காரணம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது பலாவும் முந்திரியும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. நிழல் போய் வெயில் தரையில் விழுந்தால், மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்த விதைகள் எழுந்துவரும். ஆகவே உங்கள் வீட்டில் அண்மையில் மரம் வெட்டியிருந்தாலோ கிளை கழித்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள்.

நர்சரியில் வாங்கியதென்றால் கதை வேறு. இங்கே விற்கிற அலங்காரச் செடிகளில் நிறைய, ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருகிறது. (நம் புதுச்சேரியின் யானம் இருக்கிற அதே கோதாவரிக் கரைச் சீமைதான்.) லாரியிலிருந்து இறக்கி, தொட்டி மாற்றி, கடையில் அடுக்குவதற்குள் பெயர் அட்டை எங்கேயோ போய்விடும், கடைக்காரர் வாய்க்கு வந்த ஒரு பெயரை வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. "இது எங்கே இருந்து வந்த லோடு, வெயில் செடியா, நிழல் செடியா, பூ என்ன நிறம்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதுவே பெரிய துப்பு. இப்படி வந்த செடி உலகத்தின் எந்த மூலையைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம், அதிலும் இரண்டு வகையைச் சேர்த்து உருவாக்கிய கலப்பினம் என்றால் நம் ஊர்க் காட்டுச்செடிப் புத்தகங்களில் தேடிப் பிரயோஜனமில்லை.

உற்றுப் பார்க்க வேண்டியவை

எல்லோரும் பூவைத்தான் பார்ப்பார்கள். பூ முக்கியம்தான், ஆனால் பூ இல்லாதபோதுதான் நமக்குக் கேள்வியே வருகிறது. அதனால் தண்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

தண்டை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். உருண்டையா, சதுரமா? சதுரத் தண்டு, எதிரெதிராக ஜோடி இலை, கசக்கினால் வாசனை, இந்த மூன்றும் சேர்ந்தால் துளசிக் குடும்பம் என்று தைரியமாக ஆரம்பிக்கலாம். திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவல்லி, கோலியஸ் எல்லாம் அதில்தான் வரும். அப்புறம் இலை கணுவில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்: கணுவுக்கு ஒரு இலையாக இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வருகிறதா, ஜோடியாக எதிரெதிரே வருகிறதா, மூன்று நான்கு சேர்ந்து வட்டமாகச் சுற்றி வருகிறதா? அரளியில் பெரும்பாலும் மூன்று மூன்றாக வட்டம் கட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

அடுத்தது புதியவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம். கண்ணில் படுவது ஒரு இலையா, அல்லது ஒரு பெரிய இலையின் துண்டா? வேப்பிலை என்று நாம் கையில் கிள்ளி எடுக்கிற சின்னது உண்மையில் ஒரு முழு இலை இல்லை, சிற்றிலை. ஈர்க்கோடு சேர்த்து முழுசாக எடுத்தால்தான் அது ஒரு இலை. கறிவேப்பிலை, முருங்கை, அகத்தி, புளி எல்லாம் இப்படிக் கூட்டிலைதான். கண்டுபிடிக்கிற வழி சுலபம். இலைக்காம்பு தண்டில் சேருகிற இடுக்கில் ஒரு மொட்டு இருக்கும். மொட்டு எந்த இடுக்கில் இருக்கிறதோ, அங்கிருந்து மேலே இருப்பது முழுவதும் ஒரே இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. இதை ஒரு தடவை கறிவேப்பிலைச் செடியில் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு மறக்காது, கேட்கிற இடத்திலும் "இலை இப்படி இருக்கிறது" என்று நீங்கள் சொல்வதை நம்பிப் பதில் சொல்வார்கள்.

ஜோடி இலைகளுக்கு நடுவே தண்டில் சின்னதாக ஒரு முக்கோணச் செதில் தெரிகிறதா பாருங்கள். இட்லிப்பூ, நுணா, காபி எல்லாம் ஒரே குடும்பம் என்று காட்டிக்கொடுப்பது அந்தச் செதில்தான். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தின் நிறத்தையும் சொரசொரப்பையும் பாருங்கள். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், பால் வடிகிற செடியென்றால் இதை மட்டும் விட்டுவிடலாம்.

பூ வந்துவிட்டால் இதழை எண்ணுங்கள். செம்பருத்தியில் நடுவே ஒரு குழாய் நீண்டு அதைச் சுற்றி மகரந்தம் ஒட்டியிருக்குமே, அதே அமைப்பு வெண்டை, பருத்தி, பூவரசு, துத்தி எல்லாவற்றிலும் இருக்கும். அவரைப்பூ, அகத்திப்பூ மாதிரி ஒரு பெரிய இதழ் நிமிர்ந்தும் மற்றவை கீழே மடங்கியும் இருந்தால் அவரைக் குடும்பம். குடும்பம் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

யாரும் கவனிக்காத ஒரு துப்பு புழு. புழு தின்கிறதே என்று மருந்தடிக்கிற வேகத்தில், அது எந்தப் புழு என்று பார்ப்பதே இல்லை. பல வண்ணத்துப்பூச்சிகள் குறிப்பிட்ட குடும்பச் செடியில்தான் முட்டையிடும். கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் தின்கிற அதே பச்சைப்புழு உங்கள் மர்மச் செடியிலும் இருந்தால் அது எலுமிச்சைக் குடும்பமாக இருக்கலாம். கறுப்பு உடம்பில் சிவப்பு முள் முள்ளாக இருக்கிற, நடுவே வெள்ளைப் பட்டை போட்ட புழு ஒரு கொடியைத் தின்றுகொண்டிருந்தால் கருடக்கொடி, ஆடுதீண்டாப்பாளை வகையறாவைச் சந்தேகப்படுங்கள். நம்மைவிட அவற்றுக்குத் தாவரவியல் நன்றாகவே தெரியும்.

படம் எடுப்பது

முழுச்செடி ஒன்று, இலை முன்பக்கம், பின்பக்கம், கணு, பூ நேராக, பூ பக்கவாட்டில், காய் இருந்தால் குறுக்கே வெட்டி ஒன்று. பக்கத்தில் ஒரு 10 ரூபாய் நாணயம் வையுங்கள், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், பார்ப்பவர் அளவைப் புரிந்துகொள்வார். மத்தியான வெயிலில் எடுத்தால் இந்தக் கடலோர வெளிச்சத்தில் வெள்ளைப் பூ வெறும் வெளுப்பாகத்தான் விழும். காலை ஏழு எட்டு மணிக்கு எடுங்கள், பின்னால் ஒரு கறுப்புத் துணியோ உங்கள் உள்ளங்கையோ இருந்தால் போன் கேமரா ஃபோகஸைத் தவறவிடாது.

ஆப்பைக் கேட்கலாமா?

கேட்கலாம், தப்பே இல்லை. கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் மூன்றும் இலவசம். ஆனால் முதலில் வருகிற பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், வருகிற நாலைந்து பெயர்களில் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாலும் ஒரே குடும்பமாக இருந்தால் அந்தக் குடும்பத்தை நம்பலாம். நாலும் நாலு திசையில் இருந்தால் உங்கள் படம் சரியில்லை, அல்லது செடி இன்னும் கன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நாற்றுப் பருவத்திலும் கலப்பின அலங்காரச் செடியிலும் இந்த ஆப்புகள் நிறையவே தடுமாறும். ஐநேச்சுரலிஸ்டில் வீட்டுச் செடியைப் போட்டால் "வளர்க்கப்பட்டது" என்று குறிக்க மறக்காதீர்கள், வீட்டு முகவரி தெரியாமல் இடத்தை மறைக்கும் வசதியும் அதில் உண்டு.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

கீரை, மூலிகை மாதிரித் தெரிந்தால் பெரிய மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மாக்களிடம் காட்டுங்கள். பூச்செடி என்றால் பத்திருபது வருஷமாகத் தோட்டம் வைத்திருக்கிற யாராவது ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார், வாசலில் தொட்டி தெருவரைக்கும் வந்திருக்கும் வீடுதான் அடையாளம். மரக்கன்று, வேலிச்செடி, வயலில் வரும் களை என்றால் பாகூர், வில்லியனூர், நெல்லிக்குப்பம் பக்கத்து விவசாயிகளை மிஞ்ச ஆளில்லை. ஒருவருக்கு எல்லாம் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள், ரோஜாவில் கரைகண்டவருக்குப் பக்கத்து வயல் களையின் பெயர் தெரியாமல் இருக்கலாம்.

கேட்கும்போது நீங்கள் நினைக்கிற பெயரை முதலில் சொல்லிவிடாதீர்கள். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. "அக்கா, இது அவுரிதானே?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "ஆமாம்பா, அப்படித்தான் தெரியுது" என்று சொல்லிவிடுவார்கள். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை, நம்மை ஏமாற்றமாக அனுப்பக் கூடாதே என்ற நல்ல மனசுதான். பெயரைச் சொல்லாமல் கையில் கொடுத்துப் பாருங்கள், அப்போதுதான் அவர் நிஜமாகவே பார்க்க ஆரம்பிப்பார்.

தலைச்சாயத்துக்கு அவுரி வளர்க்கிற ஆசை இப்போது பலருக்கு. அதே மாதிரி சின்னச் சின்னச் சிற்றிலையோடு சாலையோரமெல்லாம் தானாக வளர்வது கொழுஞ்சி. அரியாங்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார், வாசல் நிறையச் செடி. அவரிடம் ஒரு கிளையை நீட்டினேன்.

"அக்கா, இது என்ன செடின்னு பாருங்களேன்."

"எங்கேருந்து பிடிச்ச?"

"செம்மண் கொட்டின இடத்துல தானா வந்தது."

ஒரு சிற்றிலையை மட்டும் கிள்ளி, நுனியை ஒரு கையிலும் அடியை ஒரு கையிலும் பிடித்து மெல்ல இழுத்தார். நேராகக் கிழியாமல், நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாக, அம்புமுனை வெட்டினாற்போல் பிரிந்து வந்தது. இரண்டு துண்டையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "கொழுஞ்சிப்பா இது. பக்க நரம்பெல்லாம் எப்படி ஒரே வரிசையா சாஞ்சு ஓடுது பாரு, அதோட வழியிலேயேதான் கிழியும். காய் வந்தா இன்னும் நல்லாத் தெரியும், இதுக்குத் தட்டையா இருக்கும், அவுரிக்கு ஊசி மாதிரி உருண்டு கொத்தாத் தொங்கும்" என்றார்.

இதுதான் நல்ல பதில். பெயர் மட்டும் சொன்னால் அது ஒருவரின் அபிப்பிராயம், "எதை வைச்சுச் சொல்றீங்க?" என்று பணிவாக ஒரு வார்த்தை கேட்டு வாங்கினால் அது நாமே சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். அவுரி என்றால் இலை காயும்போது கருநீலமாக மாறும், கொழுஞ்சி மாறாது. இரண்டு நாள் நிழலில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. காரணம் சொல்லாமல் "எனக்குத் தெரியும், எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கு" என்பவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்தான், ஆனால் சாப்பிடுகிற விஷயத்தில் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லிவிட்டுக் கேட்டால் அது ஒரே பதில்தான், இரண்டு இல்லை. இருவரும் ஒரே பெயரை வேறு வேறு காரணத்தோடு சொன்னால் ஏறக்குறைய முடிந்தது. வாட்ஸாப் குழுவில் இது இன்னும் மோசம், முதல் ஆள் ஒரு பெயரைப் போட்டதும் அடுத்த பன்னிரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஊர்ப்பெயர் கிடைத்ததும் அறிவியல் பெயரையும் தேடி எழுதிக்கொள்ளுங்கள். கற்பூரவல்லி என்று கேட்டால் சளிக்கு இலையும் வரும், வாழைக்கன்றும் வரும். "இன்சுலின் செடி" என்று விற்கிற கோஸ்டஸ் மாதிரி வியாபாரத்துக்காக வைத்த பெயர்களும் உண்டு, அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு யாரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பொறுக்க வேண்டிய இடம்

சில செடிகளுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கோடை மழை விழுந்ததும் இந்தப் பக்கத்து வீடுகளில் வருஷா வருஷம் நடக்கிற ஒரு கூத்தைச் சொல்கிறேன். நேற்றுவரை வெறும் தரை. காலையில் பார்த்தால் இலையே இல்லாமல், மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு கருஞ்சிவப்பான மொட்டு. அடுத்தடுத்த நாளில் அது விரிந்து, ஓரமெல்லாம் சுருக்கம் வைத்த ஒரு பெரிய பாவாடை மடல், நடுவே சுருங்கிப் பஞ்சுபோல் புடைத்த ஊதா நிறக் கொண்டை. சாயங்காலம் செத்த எலி நாற்றம். வீட்டில் எலிப்பொறியைத் தேடுவார்கள், சாக்கடையைக் கழுவுவார்கள், ஈயும் வண்டும் மொய்க்கிற இடத்தைப் பார்த்துவிட்டு "ஐயோ, இது என்ன பேய்ப்பூ" என்று மண்வெட்டியை எடுத்துவிடுவார்கள்.

சேனைக்கிழங்கின் பூ அது. வருஷக்கணக்கில் சேனை தின்றவர்களும் அதன் பூவைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் சாகுபடியில் பூக்கிறவரை விட்டுவைப்பதில்லை. மகரந்தம் சேர்க்க வண்டுகளை வரவழைக்கத்தான் அந்த நாற்றம், ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும், பூவும் வாடிச் சாயும். பிறகு அதே கிழங்கிலிருந்து பாம்புத்தோல் மாதிரித் திட்டுத்திட்டான காம்போடு ஒற்றை இலை குடை விரித்து நிற்கும், அப்போது யார் பார்த்தாலும் சேனை என்று சொல்லிவிடுவார்கள். பூவின் நடுக்கொண்டையும் அதைச் சுற்றிய மடலும் தெரிந்தாலே சேம்பு, ஆந்தூரியம், மணி பிளான்ட் எல்லாம் இருக்கிற குடும்பம் என்று பிடித்துவிடலாம். இதுவே காட்டு வகையாகவும் இருக்கலாம், காட்டுக்கருணையின் அரிப்பு தொண்டையைப் பிடுங்கிவிடும், அதனால் தானாக வந்த கிழங்கைத் தோண்டிக் குழம்பு வைக்கிற யோசனை வேண்டாம்.

ஆகவே பெயர் கிடைக்கவில்லையென்றால் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்: எப்போது முளைத்தது, எப்போது இலை உதிர்ந்தது, மொட்டு எப்போது, பூ காலையில் விரிந்ததா, இரவிலா, வாசனை உண்டா. மழைக்காலம் முழுக்கத் தூங்கிவிட்டுக் கோடையில் எழுகிற செடி என்ற ஒரு தகவலே தெரிந்தவருக்குப் போதுமானதாக இருக்கும்.

பாடம் செய்து வைப்பது

பூவோடும் இலையோடும் சேர்ந்த ஒரு சின்னக் கிளையை வெட்டி, பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் விரித்து வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். ஓர் இலையையாவது திருப்பிப் போட்டு வையுங்கள், அடிப்பக்கம் தெரிய வேண்டும். நம் கடலோர ஈரக்காற்றில் முதல் சில நாள் தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்தபின் நிறம் போய்விடும் என்பதால் பூவின் நிறம், செடியின் உயரம், இடம், தேதி எல்லாவற்றையும் அன்றைக்கே ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து வையுங்கள். செடிகளைக் காயவைத்துச் சேர்த்துவைக்கிற உண்மையான உலர்தாவரச் சாலைகளிலும் (ஹெர்பேரியம்) வேலை இதுதான், தாள்தான் கொஞ்சம் பெரியது, சுமார் 42 சென்டிமீட்டர் நீளம், 28 அகலம்.

அப்படிப்பட்ட சாலை ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் 20,000-க்கும் மேற்பட்ட உலர்தாவரத் தாள்கள் இருக்கின்றன. சும்மா எட்டிப்பார்த்துவிட்டு வருகிற இடம் இல்லை அது, முன்கூட்டியே எழுதிக் கேட்டு, நல்ல படமும் பாடம் செய்த கிளையும் தயாராக வைத்துக்கொண்டு போக வேண்டும். தொட்டிக்களைக்கெல்லாம் அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். தெருவில், மார்க்கெட்டில், ஆப்பில் எல்லாம் கேட்டுப் பார்த்து எங்கும் தெரியாத நிஜமான அபூர்வத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயிரோ களையோ பூச்சியோ சம்பந்தப்பட்டதென்றால் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையம், கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையம் இரண்டும் நமக்காகவே இருக்கின்றன.

நேரில் ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்வது

பெயர் கிடைத்ததும் அதே செடி பெயர்ப்பலகையோடு நிற்கிற இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் வெளிநாட்டு மரங்கள் நிறைய. திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். இந்தக் கடலோரத்துக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டுச் செடிகளைப் பார்க்க வேண்டுமானால் ஆரோவில் தாவரவியல் தோட்டம்தான் சரியான இடம், பறவை போட்டுவிட்டுப் போன மரக்கன்றுகளில் பலவற்றின் தாய்மரத்தை அங்கே பார்க்கலாம். கோயில் தலமரங்களையும் மறக்காதீர்கள். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலின் பாதிரி மரம் ஊருக்கே பெயர் கொடுத்தது, பாதிரி என்று யாராவது உங்களிடம் ஒரு கன்றைக் கொடுத்தால் அங்கே போய் ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட நம்பகமான வழி இல்லை. எங்கேயும் கிள்ளக் கூடாது, கீழே உதிர்ந்த இலையும் பூவுமே போதும்.

கடைசியாக, பெயர் உறுதியாகிறவரை யாருக்கும் கட்டிங் கொடுக்காதீர்கள். புதுசாக ஒன்று பூத்தால் தெருவில் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள், "பேர் தெரியட்டும்க்கா, தரேன்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தெரிந்தபின் கொடுக்கும்போது ஐஸ்கிரீம் குச்சியில் ஊர்ப்பெயர், அறிவியல் பெயர், விஷமென்றால் அதையும் எழுதித் தொட்டியில் குத்திக் கொடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் எழுத்து நம் வெயிலில் ஒரு கோடைக்குத் தாங்காது.